குறைந்த விலையில் கையடக்க ரெட்ரோ விளையாட்டுக் கருவி: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் எழும் கேள்விகள்

தொண்ணூறுகளில் டிவி கேம் ஆடி வளர்ந்தவர்களும், அந்த விளையாட்டுகளை இப்போது முதன்முறையாகப் பார்க்கும் பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கருவிகளை நானே வாங்கியிருக்கிறேன். உறவினருக்கும் நண்பர்களுக்கும் பலவற்றை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதுதான் இவை.

இது எந்த மாதிரியான கருவி?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கணினி. திரை, பொத்தான்கள், பேட்டரி எல்லாம் சேர்ந்தே வரும். பெரும்பாலும் லினக்ஸில் இயங்கும். பழைய விளையாட்டுக் கருவிகளைப் போல நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருள் இதில் இருக்கும். 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம், 1989இன் கேம்பாய், 1994இன் பிளேஸ்டேஷன் ஆகியவற்றுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளை அந்த எமுலேட்டர் ஓட்டும். இவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை சீனாவில் உள்ளன. ஆன்பெர்னிக், மியூ, பவ்கிட்டி, டிரிம்யூஐ ஆகிய பெயர்கள் அடிக்கடி காதில் விழும்.

கையில்தான் போன் இருக்கிறதே, அதிலேயே ஆடக் கூடாதா?

ஆடலாம். போனின் சிப் இந்தக் கருவிகளில் உள்ளதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் கண்ணாடித் திரையில் விரலுக்குப் பொத்தானின் விளிம்பு தட்டுப்படாது. பள்ளத்தைத் தாண்ட வேண்டிய கணத்தில் கட்டைவிரல் அரை சென்டிமீட்டர் விலகியிருக்கும், ஆட்டம் போய்விடும். நடுவில் அழைப்பு வரும், வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும். இந்த இரண்டும் உங்களுக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை என்றால் பணம் செலவழிக்கத் தேவையில்லை. போனிலேயே பல எமுலேட்டர்களை ஒன்றாகத் தரும் ரெட்ரோஆர்க் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

எந்தக் கருவியை வாங்குவது?

இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த விளையாட்டை ஆடப்போகிறீர்கள்? ஒரு தாளை எடுத்து, உண்மையிலேயே ஆட விரும்பும் பத்து விளையாட்டுகளின் பெயரை எழுதுங்கள். பக்கத்திலேயே அவை எந்தக் கருவிக்காக வந்தவை என்றும் குறித்துவையுங்கள். அந்தத் தாளே முக்கால்வாசி முடிவைச் சொல்லிவிடும். பலர் இதைச் செய்யாமல், எது அதிக சக்தி வாய்ந்தது என்று தேடிப் போகிறார்கள். கடைசியில் இரு மடங்கு விலை கொடுத்து வாங்கிய கருவியில் மரியோ மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியல் முழுக்க ஃபேமிகாம், கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் என்று இருந்து, ஒன்றிரண்டு பிளேஸ்டேஷன் ஒன்று விளையாட்டுகளும் இருந்தால் மியூ மினி பிளஸ் போதும். 3.5 அங்குலத் திரை, 3000 மில்லிஆம்பியர் பேட்டரி, நினைவகம் வெறும் 128 மெகாபைட். படிக்கும்போது குறைவாகத்தான் தோன்றும். ஆனால் இந்தப் பழைய விளையாட்டுகளுக்கு அது தாராளம். கட்டைவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் சிறு குச்சியான அனலாக் ஸ்டிக் இதில் கிடையாது. முதல் பிளேஸ்டேஷனும் 1994இல் அது இல்லாமல்தான் வந்தது என்பதால் அந்தக் கால விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது குறையாகத் தெரியாது.

நின்டெண்டோ 64, டிரீம்காஸ்ட், சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியின் எளிமையான சில விளையாட்டுகள் ஆகியவை பட்டியலில் இருந்தால் அனலாக் ஸ்டிக் வேண்டும், சற்று வலுவான சிப்பும் வேண்டும். அதற்கு ஆன்பெர்னிக்கின் ஆர்ஜி 35 எக்ஸ்எக்ஸ் எச் பொருத்தமானது. படுக்கைவாட்டு வடிவம், இரண்டு ஸ்டிக்குகள், ஒரு கிகாபைட் நினைவகம், வைஃபை, புளூடூத், தொலைக்காட்சியில் இணைக்க மினி எச்டிஎம்ஐ, மெமரி கார்டுக்கு இரண்டு துளைகள் எல்லாம் இருக்கின்றன. 'முதல் கருவி எது?' என்று யாராவது ஒரே வரியில் பதில் கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன்.

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஆட விரும்புகிறவர்களுக்கு மடக்கும் வகையிலான ஆர்ஜி 35 எக்ஸ்எக்ஸ் எஸ்பி இருக்கிறது. 2003இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியின் வடிவத்தை ஒட்டிச் செய்தது. மூடினால் திரைக்குக் கீறல் பயம் இல்லை.

பிஎஸ்பியின் பெரிய விளையாட்டுகள், பிளேஸ்டேஷன் இரண்டு, கேம்கியூப் ஆகியவைதான் உங்கள் ஆசை என்றால் இந்த விலையில் கருவி தேடாதீர்கள். பணம் சேர்த்துக்கொண்டு ஆண்ட்ராய்டில் இயங்கும் பெரிய கருவிகளின் பக்கம் போங்கள். 'ஓரளவு ஓடும்' என்று விற்பவர் சொல்வதை நம்பி வாங்கியவர்கள் யாரும் ஒரு விளையாட்டையாவது முடித்து நான் பார்த்ததில்லை.

திரையின் அளவும் பிக்சல் எண்ணிக்கையும் அவ்வளவு முக்கியமா?

சிப்பைவிட இதுதான் முக்கியம் என்பேன். கண் நாள் முழுக்கப் பார்ப்பது திரையைத்தான்.

பழைய விளையாட்டுகளின் படம் சிறிய கட்டங்களால் ஆனது. கேம்பாயின் படம் 160க்கு 144, கேம்பாய் அட்வான்ஸின் படம் 240க்கு 160. பிளேஸ்டேஷன் ஒன்றில் பல விளையாட்டுகளின் படம் 320க்கு 240. இந்தக் கட்டம் ஒவ்வொன்றும் உங்கள் திரையில் சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் பெரிதானால் படம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருக்கும். இரண்டே முக்கால் மடங்கு என்று வந்தால் சில கட்டங்கள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். எழுத்துகளில் இதை உடனே கண்டுபிடித்துவிடலாம். ஒரே சொல்லில் ஒரு கோடு தடிமனாகவும் அடுத்த கோடு மெல்லியதாகவும் இருக்கும். திரை நகரும்போது தரையின் செங்கற்கள் சிமிட்டுவதுபோலவும் தோன்றும்.

மலிவான கருவிகளில் பெரும்பாலும் வருவது 640க்கு 480 திரை. பிளேஸ்டேஷன் ஒன்றின் படம் இதில் அச்சாக இரண்டு மடங்காகப் பொருந்தும். கேம்பாய் அட்வான்ஸின் படமோ 2.67 மடங்கில் நிற்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் 640க்கு ஏறத்தாழ 427 ஆக இருக்கும். ஆடவே முடியாது என்று சொல்லவில்லை, பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் உங்கள் தாளில் எட்டு விளையாட்டு கேம்பாய் அட்வான்ஸ் என்றால் வேறு திரையைத் தேடுங்கள். பவ்கிட்டி ஆர்ஜிபி 30இல் 720க்கு 720 என்ற சதுரத் திரை இருக்கிறது. அதில் இந்தப் படம் அகலத்தில் துல்லியமாக மூன்று மடங்காக உட்காரும். டிரிம்யூஐ பிரிக் என்ற சின்னக் கருவியில் 3.2 அங்குலத்துக்குள்ளேயே 1024க்கு 768 பிக்சல்கள். அதில் நான்கு மடங்கு வைத்த பிறகும் இடம் மிஞ்சும். கட்டங்கள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் அங்கே முழு எண் வராவிட்டாலும் கண்ணுக்கு உறுத்தாது.

அகலத் திரைக் கருவிகள் கடையில் பார்க்க அழகாக இருக்கும். 2000க்கு முந்தைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை நாலுக்கு மூன்று விகிதத்தில் வந்தவை. அகலத் திரையில் ஓட்டினால் இடமும் வலமும் கறுப்பாகக் கிடக்கும். அந்த இடத்தை நிரப்பப் படத்தை இழுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மரியோ குள்ளமாகவும் குண்டாகவும் ஓடுவான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பொத்தான்கள் நன்றாக இருக்கின்றனவா என்று எப்படிச் சோதிப்பது?

1988இல் ஃபேமிகாமுக்கு வந்த கான்ட்ராவில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கீழ்த் திசைப் பொத்தானை அழுத்தினால் வீரன் குப்புறப் படுத்துச் சுடுவான். கீழும் பக்கமும் சேர்ந்து அழுந்தினால் ஓடிக்கொண்டே சாய்வாகச் சுடுவான். நீங்கள் கீழ்ப் பக்கத்தை மட்டும், கட்டைவிரலைச் சற்று உருட்டி, இருபது முறை அழுத்துங்கள். இருபது முறையும் படுத்தால் பொத்தான் நல்லது. இரண்டு மூன்று முறை தானாக ஓடத் தொடங்கினால், கேட்காத மூலைத் திசையையும் அது பதிவு செய்கிறது என்று பொருள். சண்டை விளையாட்டுகளிலும் டெட்ரிஸிலும் இது பெரிய இடைஞ்சல்.

சில மலிவுக் கருவிகளில் இந்தக் குறை தயாரிப்பிலேயே வருகிறது. கருவியைத் திறந்து, பொத்தானுக்குக் கீழே இருக்கும் மின்தகட்டின் தொடுபுள்ளிகளின் உள்விளிம்பில் மெல்லிய செலோடேப் துண்டு ஒட்டிச் சரிசெய்வது இந்த வட்டாரத்தில் பழகிய கைவைத்தியம். திருப்பி அனுப்பும் காலம் முடியும் முன் திறக்காதீர்கள். முதலில் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தியாவில் எங்கே வாங்குவது? எவ்வளவு ஆகும்?

இந்தக் கருவிகள் உலகம் முழுக்கப் பெரும்பாலும் அலிஎக்ஸ்பிரஸ் வழியாகவும் நிறுவனங்களின் சொந்தத் தளங்கள் வழியாகவும் விற்பனையாகின்றன. அலிஎக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆகவே நம்மவர்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று, நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரடியாக வரவழைப்பது. சுங்கவரியும் கூரியர் கட்டணமும் சேரும் என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். இன்னொன்று, இறக்குமதி செய்து இங்கே விற்பவரிடம் வாங்குவது. விலை கூடுதல்தான். ஆனால் பழுதானால் திருப்பிக் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறார். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் இரண்டாவது வழியையே சொல்கிறேன்.

வெளிநாட்டில் இந்த வகைக் கருவிகள் சுமார் 40 முதல் 80 டாலருக்குள் விற்கின்றன. இதனோடு ஒரு நல்ல மெமரி கார்டின் விலையையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று அடுத்தடுத்த பதில்களில் சொல்கிறேன்.

எல்லா இடத்திலும் ஆர் 36 எஸ் என்ற கருவி மிகக் குறைந்த விலைக்கு வருகிறதே?

நல்ல கருவிதான், ஆனால் எச்சரிக்கை தேவை. 3.5 அங்குலத் திரை, இரண்டு ஸ்டிக்குகள், இந்த விலையில் வேறு எதிலும் இவ்வளவு கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், ஒரே பெயரில், ஒரே உறையில், உள்ளே வேறுவேறு பாகங்களோடு பல தயாரிப்புகள் உலவுகின்றன. திரைப் பலகம் ஒன்றுக்கொன்று மாறுபடும். நல்ல ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, தேடிப் போட்டதும் திரை கறுப்பாகவே இருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று பலர் பயந்துபோய் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கெட்டிருக்காது. அந்தத் திரைக்கான விவரக் கோப்பு, அதாவது டிடிபி என்று முடியும் பெயருள்ள கோப்பு, பழைய கார்டில் இருக்கும். அதை எடுத்துப் புதிய கார்டில் கருவி இயங்கத் தொடங்கும்போது படிக்கும் பூட் பகுதியில் போட்டால் பெரும்பாலும் திரை உயிர்பெற்றுவிடும். ஆகவே இந்தக் கருவியோடு வந்த கார்டை அழிக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். வைஃபை உள்ளுக்குள் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கருவியோடு கார்டு வருகிறது, அதில் பத்தாயிரம் விளையாட்டும் இருக்கிறது. இன்னொரு கார்டு எதற்கு?

அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு கருவி வாங்கிக் கொடுத்தேன். அப்போது எனக்கு இந்த விஷயம் தெரியாது. வந்த கார்டையே விட்டுவிட்டேன். மூன்று மாதம் தினமும் மாலையில் வீட்டுப்பாடம் முடித்ததும் அரைமணி நேரம் ஆடி, ஒரு கேம்பாய் அட்வான்ஸ் சாகச விளையாட்டின் கடைசி நிலவறை வரை வந்துவிட்டாள். ஒருநாள் திரையில் நிறுவனத்தின் சின்னம் மட்டும் நின்றது. அப்படியே நின்றுகொண்டிருந்தது. கார்டைக் கணினியில் போட்டேன், 'இந்த வட்டை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. கோப்புகளை மீட்கும் மென்பொருள் இரண்டை ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. "சித்தப்பா, என் கதை எங்கே போச்சு?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயரே அச்சிடாத அந்தக் கார்டுதான் செத்துப்போயிருந்தது.

அன்றிலிருந்து யார் கருவி வாங்கினாலும் நான் சொல்லும் முதல் வேலை, கார்டை மாற்றுவது. கூட வரும் கார்டுகள் மிக மலிவான சரக்கு. சில மாதங்களில் அவை சாவது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. சான்டிஸ்க், சாம்சங் போன்ற பெயர் தெரிந்த நிறுவனத்தின் கார்டை, நம்பகமான கடையில் வாங்குங்கள். அதிலும் போலிகள் வருகின்றன என்பதால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள். 64 ஜிபி என்று போட்டிருக்கும் போலிக் கார்டில் உண்மையில் 8 ஜிபிதான் இருக்கும். எட்டைத் தாண்டியதும் எழுதியது எல்லாம் காற்றில் போகும்.

கொள்ளளவு எவ்வளவு வேண்டும்? முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட். நம் போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போலப் பல டஜன் மடங்கு பெரியது. கேம்பாய் அட்வான்ஸ் விளையாட்டு அதிகபட்சம் 32 மெகாபைட். பிளேஸ்டேஷன் ஒன்றில்தான் ஒரு குறுந்தகடு 700 மெகாபைட் வரை போகும். 64 ஜிபி கார்டு தாராளமாகப் போதும். கருவியில் இரண்டு துளை இருந்தால் இயங்குதளத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். ஒன்றில் கோளாறு வந்தாலும் மற்றது தப்பிக்கும்.

புதிய கார்டில் எல்லாவற்றையும் எப்படி அமைப்பது?

ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். அவசரம் வேண்டாம்.

கருவியை அணைத்த நிலையில், நகநுனியால் கார்டை மெல்ல உள்ளே தள்ளுங்கள். கிளிக் என்ற சத்தத்தோடு அது வெளியே எட்டிப் பார்க்கும். அதைக் கணினியில் போட்டு, முழுக் கார்டையும் ஒரே பிம்பக் கோப்பாக, அதாவது கார்டின் அச்சு அசல் பிரதியாக, எடுத்து வையுங்கள். வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற மென்பொருள் இதைச் செய்யும். பிறகு என்ன தவறு நடந்தாலும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பலாம் என்ற தைரியம் கிடைக்கும்.

அடுத்து ஃபர்ம்வேர். நிறுவனம் கொடுப்பதைவிட ஆர்வலர்கள் உழைத்து இலவசமாகத் தருவது பெரும்பாலும் சிறப்பாக இருக்கிறது. மியூ மினி பிளஸுக்கு ஆனியன், ஆர்ஜி 35 எக்ஸ்எக்ஸ் வரிசைக்கு மியூஓஎஸ் அல்லது நல்லி, ஆர் 36 எஸ் கருவிக்கு ஆர்க்ஓஎஸ். உங்கள் கருவியின் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து, அந்தத் திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்குங்கள். பிளஸ், எச், எஸ்பி என்று கடைசியில் நிற்கும் ஓரெழுத்து மாறினாலும் இயங்காமல் போகலாம்.

ஆனியனை நிறுவுவது எளிது. கார்டை ஃபேட்32 வடிவத்தில் ஃபார்மட் செய்து, விரித்த கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் போதும். மற்றவை பிம்பக் கோப்பாக வரும். அவற்றை பலேனா எட்சர் அல்லது ரூஃபஸ் கொண்டு எழுத வேண்டும். எழுதி முடித்ததும் விண்டோஸ், 'இந்த வட்டைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்தக் கார்டில் லினக்ஸின் பகுதிகள் இருப்பதால் விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். சரி என்று அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கியவர்கள் ஏராளம்.

முதல்முறை இயக்கும்போது சில நிமிடங்கள் எடுக்கும். திரை ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருந்தாலும் கை வைக்காதீர்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போதே இதைச் செய்யுங்கள். பின்னர் அந்தந்தக் கருவியின் பெயரில் இருக்கும் கோப்புறைகளில் விளையாட்டுகளைப் போடுவதுதான் மிச்சம். பத்தோ பன்னிரண்டோ போதும். பத்தாயிரம் பெயர் வரிசையாக ஓடும் பட்டியலில் எதையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆட மனம் நிற்காது. இதை நான் பிள்ளைகளிடம் மட்டும் பார்க்கவில்லை, நாற்பதைத் தாண்டியவர்களிடமும் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டுகளை எங்கிருந்து எடுப்பது? சட்டப்படி சரியா?

எமுலேட்டர் வைத்திருப்பதில் பிரச்சினை இல்லை. விளையாட்டுக் கோப்புகளுக்குத்தான் பதிப்புரிமை உண்டு. 1985இல் வந்தது என்பதால் அந்த உரிமை காலாவதியாகிவிடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆவது பிரிவில், கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலையாமலும் கெடாமலும் இருக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. உரிமையோடு பிரதி வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்த விலக்கு. பத்தாயிரம் விளையாட்டோடு வரும் கார்டு அதில் அடங்காது.

வீட்டில் பழைய பிளேஸ்டேஷன் குறுந்தகடுகள் இருந்தால் கணினியின் சிடி டிரைவிலேயே பிரதி எடுக்கலாம். கேம்பாய் கேசட்டுகளைப் படிக்கத் தனிக் கருவிகள் விற்கின்றன.

இவற்றோடு, இன்றும் இந்தப் பழைய கருவிகளுக்காகப் புதிதாக விளையாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டோபு டோபு கேர்ள் என்ற கேம்பாய் விளையாட்டை அதை உருவாக்கியவர்களே இலவசமாகத் தருகிறார்கள், நிரலையும் திறந்து வைத்திருக்கிறார்கள். 2004இன் கேவ் ஸ்டோரியின் முதல் வடிவம் இலவசம். 1994இல் வந்த பெனீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற சாகச விளையாட்டை அதன் உரிமையாளர்களே 2003இல் இலவசமாக்கிவிட்டார்கள். ஸ்கம்விஎம் என்ற மென்பொருளில் ஓடும். 1993இன் டூம் விளையாட்டின் முதல் பாகம் தொடக்கத்திலிருந்தே பகிர்ந்துகொள்ள அனுமதித்து வெளியிடப்பட்டது. இவற்றை மட்டும் போட்டாலே ஒரு கோடை விடுமுறைக்குத் தாங்கும்.

பிளேஸ்டேஷன் விளையாட்டு மட்டும் ஓடவில்லை. என்ன செய்வது?

முதலில் பயாஸ் கோப்பைப் பாருங்கள். அசல் கருவிக்குள் இருந்த, 512 கிலோபைட் அளவுள்ள சின்ன நிரல் அது. பெயர் எமுலேட்டர் எதிர்பார்ப்பதுபோல அச்சாக இருக்க வேண்டும். சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாட்டைக்கூட லினக்ஸ் விடாது.

அடுத்து, குறுந்தகட்டின் பிரதி இரண்டு கோப்பாக இருக்கும். பின் என்று முடிவதில் தரவு, கியூ என்று முடிவதில் அதன் வரைபடம். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றின் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் ஓடாது. எல்லாவற்றையும் சிஎச்டி என்ற ஒற்றைக் கோப்பாக மாற்றிவிடுவது என் வழக்கம். இடமும் மிச்சமாகும், குழப்பமும் தீரும்.

சிறுவயதில் ஆடிய 'முஸ்தபா' விளையாட்டின் உண்மையான பெயர் என்ன? ஏன் அதன் ஜிப் கோப்பு ஓட மறுக்கிறது?

கேப்காம் 1993இல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். ஆடத் தேர்ந்தெடுக்கும் நால்வரில் ஒருவன் பெயர் முஸ்தபா. நம் ஊரில் அவன் பெயரே விளையாட்டின் பெயராகிவிட்டது. இது நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்காக எழுதப்பட்டது, வீட்டுக் கருவிக்கு அல்ல. ஆர்கேட் விளையாட்டுகள் மட்டும் ஜிப்பாகவே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவை அந்த மின்பலகையில் இருந்த ஒவ்வொரு சிப்பின் பிரதிகள். விரித்தால் ஓடாது, பெயரை மாற்றினாலும் ஓடாது, எமுலேட்டரின் பதிப்புக்குப் பொருந்தாத தொகுப்பாக இருந்தாலும் ஓடாது. இதற்கும் பதிப்புரிமை உண்டு என்பதால் மேலே சொன்ன அதே விதிதான்.

ஆட்டத்தைப் பாதுகாக்க இரண்டு வழி இருக்கின்றனவே, எதை நம்புவது?

இரண்டையும். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு ஒன்று. அந்தக் கணத்தை அப்படியே உறைய வைக்கும் சேவ் ஸ்டேட் மற்றொன்று. சேவ் ஸ்டேட் வசதியானது, ஆனால் எமுலேட்டரின் பதிப்பு மாறினால் திறக்காமல் போகலாம். விளையாட்டுக்குள் சேமித்தது எந்தக் கருவிக்குப் போனாலும் பெரும்பாலும் கூடவே வரும். மாதத்தில் ஒருநாள் சேவ் கோப்புறையைக் கணினிக்கு நகலெடுங்கள். அண்ணன் மகள் இப்போது அதைத் தானே செய்கிறாள்.

போன் சார்ஜரில் போட்டால் சார்ஜ் ஏறவில்லை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. இரு முனையும் டைப் சி ஆன கேபிளில் பல மலிவுக் கருவிகள் மின்சாரம் வாங்குவதில்லை. சார்ஜரிடம் பேசத் தேவையான சிறு மின்தடை உள்ளே வைக்கப்படவில்லை என்பதே காரணம். பழைய 5 வோல்ட் சார்ஜரும், ஒரு முனை அகலமான சாதாரண யூஎஸ்பியாக உள்ள கேபிளும் போதும். அதிவேகச் சார்ஜர் வேண்டாம். பேட்டரி உப்பிக் கருவியின் முதுகு பிதுங்கினால் அதன்பின் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியுமா?

முடியும். ஆர்ஜி 35 எக்ஸ்எக்ஸ் எச் போன்ற கருவியை மினி எச்டிஎம்ஐ கேபிளால் தொலைக்காட்சியில் இணைத்து, இரண்டாவது ஆளுக்கு யூஎஸ்பியிலோ புளூடூத்திலோ ஒரு கன்ட்ரோலர் கொடுங்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் அந்தத் துளையில் நுழையாது, ஆகவே கடையில் 'மினி' என்று கேட்டு வாங்குங்கள். மைக்ரோ என்பது வேறு.

என்ன ஆடலாம் என்றால், 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ். ஃபேமிகாமின் உலக வடிவமான என்இஎஸ் கருவிக்காகப் புதிதாக எழுதி, உருவாக்கியவர்களே கோப்பாக விற்கிறார்கள். மொத்தம் 40 கிலோபைட், முதல் மரியோ அளவுதான். அதற்குள் நான்கு பேர் சேர்ந்து ஏறும் கோபுரங்கள் இருக்கின்றன. சென்ற பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை அண்ணனும் மகளும் ஆடினார்கள். மேலே ஏற முடியாமல் நின்ற அப்பாவைப் பார்த்து, "சுவரில் சாய்ந்தபடியே குதியுங்கள் அப்பா" என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.